பழுப்பேறாத ஸ்லைடு

என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். "லேபில்" என்று சொன்னால் போதும், "ரத்தம் எடுப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒருவரையும் ஊசியால் குத்தியதில்லை. வாயால் குத்தியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

என் வேலை மெழுகோடு. உடம்பிலிருந்து அறுத்தெடுத்த சதையில் ஒரு சிறு துண்டை மெழுகில் புதைத்து, கட்டியாக உறையவைத்து, அந்தக் கட்டியை முடியைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவ வேண்டும். அந்தக் கட்டிக்கு பிளாக் என்று பெயர். சீவும்போது ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீளும். அதைத் தூரிகை நுனியால் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விடுவேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் இதைச் செய்வோம். ஒரு பெருமூச்சு விட்டால்கூட ஏடு பறந்துவிடும்.

தண்ணீரில் பட்டதும் ஏடு ஒரு கணம் சுருங்கும். பிறகு தானாகவே கை கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நானும் எங்கேயோ மிதக்கப் போய்விடுவேன். தெருவில் போகும் வண்டிச் சத்தமும் பூக்காரியின் குரலும் கனவில் கேட்பதுபோல் தூரத்தில் கேட்கும். இது யாருடைய சதை, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஒன்றும் தெரியாது. ஸ்லைடின் ஓரத்தில் ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணை அள்ளி கண்ணாடியில் ஏற்றி, சாயத்தில் முக்கி, டாக்டரின் மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைத்துவிட்டால் என் பங்கு முடிந்தது. எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. மனிதர்களைவிட எண்கள் நல்லவை, திருப்பிப் பேசாது.

சாயம் ஏற்றிப் பார்த்தால் புற்றுநோயா இல்லையா என்று டாக்டர் சொல்லிவிடுவார். ஆனால் அதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. இந்த நோயிடம் எந்த மருந்து பலிக்கும்? அதைச் சொல்வதற்குத்தான் மார்க்கர் சோதனை. மார்பகப் புற்றுநோய் என்றால் முதலில் ஹார்மோன் மார்க்கரைப் பார்ப்போம். ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் செல்லுக்குள் இருந்தால், நாங்கள் ஊற்றுகிற திரவம் அதில் போய் ஒட்டிக்கொண்டு கடைசியில் பழுப்பு நிறமாகும். காப்பித் தூளைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். பழுப்பு ஏறினால் நல்ல சேதி. தினம் ஒரு மாத்திரை, வருடக்கணக்கில் போட்டால் நோயைப் பட்டினி போட்டு அடக்கி வைக்கலாம். ஏறாவிட்டால் அந்த மாத்திரையால் பயன் இல்லை. மூன்று மார்க்கர்கள் பார்ப்போம். மூன்றும் ஏறாவிட்டால் டிரிபிள் நெகட்டிவ் என்பார்கள். அதைச் சொல்லும்போது எந்த டாக்டருக்கும் குரல் இறங்கிவிடும்.

எங்கள் லேப் புதுச்சேரியில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சின்ன லேப். நோய்க்குறி பார்க்கும் டாக்டர் ஒருவர், என்னைவிட வயதில் சிறிய பெண்மணி. மெழுகு வேலைக்கு நானும் இன்னொருவரும். அவர் சீவும் ஏடு, அதாவது செக்‌ஷன், கொஞ்சம் தடிமனாக இருக்கும். "இது செக்‌ஷனா, செட் தோசையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பேன். பாவம், சிரித்துக்கொண்டே போய்விடுவார். என் கையில் பிசகு வராது என்ற திமிர் எனக்கு அப்போது நிறைய இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய அக்டோபர் முப்பத்தொன்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு நர்சிங் ஹோமிலிருந்து பெரிய பிளாஸ்டிக் டப்பா வந்தது. மார்பகம் முழுவதும் அகற்றியது. ஃபார்மலின் திரவத்தில் முழுசாக மூழ்கிக் கிடந்தது. ஃபார்மலின்தான் சதையை அழுகவிடாமல் இருந்தபடி நிறுத்தி வைக்கும். ஆனால் அது உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். முழு சங்கரா மீனைக் கீறாமல் மசாலாவில் போட்டால் தோல்தான் சிவக்கும், உள்ளே சப்பென்று இருக்கும் இல்லையா, அதே கதைதான். பெரிய சதையாக இருந்தால் ரொட்டி அறுப்பதுபோல் வரிசையாக அறுத்துவிட்டால்தான் நடுவரைக்கும் போகும்.

மறுநாள் நவம்பர் ஒன்று, புதுச்சேரியின் விடுதலை நாள். அதற்கு மறுநாள் கல்லறைத் திருநாள். எங்கள் லேபில் இரண்டு நாளும் விடுமுறை. டாக்டர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்து பார்த்து, வெட்டு ஓரங்களில் மை தடவிவிட்டு, எங்கே அறுக்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினார். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "காலைல வந்து கீறி விட்ருங்க, ஃபார்மலினையும் மாத்திடுங்க. சாவி உங்ககிட்டதான இருக்குது?" என்றார். லீவு நாளில் இப்படி வந்து கீறிவிட்டுப் போவது எங்களுக்குப் பழக்கம்தான். என் வீடு நடந்து போகிற தூரம். "வர்றேன் மேடம்" என்றேன். அப்போதே செய்திருக்கலாம். கையுறையைக் கழற்றிவிட்டேன், திரும்ப மாட்டுவானேன் என்று ஒரு சோம்பல்.

அன்று இரவு முழுக்க மழை. காலையில் எழுந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என்னைப் பெற்ற மம்மாவின் கல்லறை. முந்தின வாரம்தான் சுண்ணாம்பு அடித்திருந்தேன். இந்த மழைக்கு அது நிற்காது என்று தெரியும். கல்லறை அழுக்காக இருந்தால் நானாவது பொறுத்துக்கொள்வேன், அண்ணன் பொறுக்க மாட்டார். அவர் பிரான்சில் இருக்கிறார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வீடியோ காலில் வந்து, "கிட்டக்க காட்டு, சிலுவைய காட்டு, அந்தப் பக்கம் என்னா கறுப்பா இருக்குது?" என்று விசாரணை நடத்துவார். பின்னால் அண்ணி, பிள்ளைகள், அண்ணியின் அக்கா வீடு எல்லாம் எட்டிப் பார்க்கும். கடல் தாண்டி இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக எங்கள் ஊரில் பாதிக் கல்லறைகள் பளபளக்கின்றன. நான் மட்டும் விதிவிலக்கா?

சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மழை விட்டு, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. ஈர மண், நசுங்கிய சாமந்தி, அணைந்த மெழுகுத்திரி வாசனை எல்லாம் கலந்து வந்தது. அங்கங்கே ஆட்கள் குந்தி உட்கார்ந்து பெயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. வெள்ளை அடிக்க அடிக்க, வெயில் ஒரு தரம் வந்து அத்தனை கல்லறைகளும் ஈரத்தில் மின்னின. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மம்மா உள்ளே இல்லை, எங்கேயோ துணி உலர்த்தப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. திரும்ப மழை பிடித்தது. நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன், சூடாகச் சாப்பிட்டேன், தூங்கிவிட்டேன்.

டப்பாவை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை. சாயங்காலம் விழித்தபோது ஞாபகம் இருந்தது. மழை கொட்டியது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் சர்ச்சில் பூசை, சாமியார் கல்லறை கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்தது, அண்ணனின் விசாரணை, பூ, மெழுகுத்திரி, கூட்டம். பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது லேப் இருக்கும் தெரு முனையைக் கடந்தேன். சாவி கைப்பையில் இருந்தது. முழங்கையில் காய்ந்த சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஃபார்மலினில்தானே கிடக்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டு நடந்துவிட்டேன்.

மூன்றாம் தேதி காலை எல்லாருக்கும் முன்னால் போய் டப்பாவைத் திறந்தேன். வெளியே கெட்டியாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கோட்டின் மேல் கத்தி வைத்து அறுத்தேன். நடுவில் கொழகொழவென்று ரோஜா நிறம். ஃபார்மலின் அங்கே போகவே இல்லை. கட்டி இருந்ததும் அந்த நடுவில்தான்.

அன்று மத்தியானம் டாக்டர் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து ஸ்லைடைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டார். "கொஞ்சம் மங்கலா இருக்குதே. ஒண்ணாந் தேதி வந்து கீறி விட்டீங்கதான?"

"ஆங், வந்தேன் மேடம்."

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். நான் சொன்னால் அவர் மறு கேள்வி கேட்க மாட்டார், அத்தனை வருட நம்பிக்கை. மார்க்கர் சோதனைக்குச் சொன்னார். மூன்றும் ஏறவில்லை. எங்கள் திரவம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் வைக்கும் வேறொரு ஸ்லைடு நன்றாகப் பழுப்பேறியிருந்தது. அதனால் டாக்டருக்குச் சந்தேகம் வர வழியில்லை. டிரிபிள் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் போனது.

அந்த ரிப்போர்ட்டை வாங்க அந்த நோயாளியே வந்தாள். கவுன்டரில் ஆள் இல்லாததால் நான் எடுத்துக் கொடுக்கும்படி ஆனது. நாற்பது வயதுகூட இருக்காது. துப்பட்டாவை இடது பக்கம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அறுவை நடந்த பக்கம் அது. கவரைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராக்கி என்னிடம் நீட்டினாள்.

"யக்கா, இதுல என்னா போட்ருக்குது? நல்லதா, கெட்டதா?"

"டாக்டர்கிட்ட காட்டும்மா. அவங்க சொல்லுவாங்க."

"நீங்க ஒருவாட்டி பாத்து சொல்லுங்களேன். எனக்கு பஸ்சு ஏறுறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்."

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றேன். ரிப்போர்ட்டின் எண்ணைப் பார்த்தேன். எனக்கு அந்த எண் மனப்பாடம். அவள் கவரை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதன் பிறகு எனக்குக் கனவு பிடித்தது. மெழுகு ஏடு தண்ணீரில் மிதக்கும், நான் ஸ்லைடைச் சாய்த்து அள்ளப் போவேன், அது தள்ளிப் போகும். தொட்டி நீண்டுகொண்டே போய்க் கடற்கரை வரைக்கும் போய்விடும். பகலிலும் அப்படித்தான் நடமாடினேன். பேசுகிறவர்கள் வாய் அசைவது தெரியும், சொல் கேட்காது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பாக இல்லை, யாரோ உள்ளே உட்கார்ந்து விடாமல் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. செட் தோசைக்காரர்கூட, "என்னா, ஒரு வாரமா நம்மள திட்டவே காணோம்?" என்று கவலைப்பட்டார்.

எனக்கு ஒரு வழி தெரியும். அதே மார்பகத்திலிருந்து எடுத்த வேறொரு பிளாக்கில், கட்டியை ஒட்டி நோயில்லாத பால் குழாய்களும் இருந்தன. நல்ல குழாய்களில் கொஞ்சமாவது பழுப்பு ஏறியே ஆக வேண்டும், அது இயற்கை. அதுவும் ஏறாவிட்டால் நோயின் குணம் அது இல்லை, சதையே கெட்டுப்போய் ஊமையாகிவிட்டது என்று அர்த்தம். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் யாரிடமும் கேட்காமல் அந்த பிளாக்கைச் சீவி, மார்க்கர் ஏற்றினேன்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நீல நிறத்தில் எல்லாம் ஆழ்ந்து கிடந்தது. மழை நாளில் விடியற்காலைக் கடல்போல் ஒரே நீலம். கட்டியில் ஒரு புள்ளி பழுப்பு இல்லை. நல்ல குழாய்களிலும் இல்லை. அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

ஸ்லைடை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனேன். "மேடம், ஒண்ணாந் தேதி நான் வரல. ரெண்டாந் தேதியும் வரல. பொய் சொல்ட்டேன்."

அவர் ஸ்லைடைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "மத்தது அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லி, ஃபோனை எடுத்து அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை தரும் புற்றுநோய் டாக்டரை அழைத்தார். பேசி முடித்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கீமோவுக்கு வரச் சொன்ன தேதியில் அந்தப் பெண் வரவில்லை. ஃபோன் செய்தால் எடுப்பதும் இல்லை. மூன்று மார்க்கரும் இல்லை என்று சொன்ன அன்று, "அப்போ மாத்திரையும் கேக்காதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போனவள்தானாம்.

ஒரே வழிதான் இருந்தது. அறுவைக்கு முன்னால் வேறொரு இடத்தில் ஊசி போட்டு நூல் மாதிரி சதை எடுத்து, புற்றுநோய்தான் என்று உறுதி செய்திருந்தார்கள். மார்க்கர் பார்க்கவில்லை. அவ்வளவு மெல்லிய சதையில் ஃபார்மலின் சில மணி நேரத்திலேயே முழுக்க இறங்கியிருக்கும். அந்த பிளாக் கெட்டிருக்காது. விசாரித்தபோது, நோயாளியிடமே கொடுத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் முகவரி இருந்தது. சேதராப்பட்டு.

"நீங்களே போய் வாங்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். "என்னா நடந்துச்சுன்னும் நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். தூறலும் பனியும் கலந்த காலை. தொழிற்பேட்டைப் பக்கம் போகும்போது கம்பெனிகளின் புகைபோக்கிகளுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை, மேலே பாதி மட்டும் ஆகாயத்தில் தொங்கியது. ஷிப்டுக்குப் போகும் பெண்கள் டிபன் பையோடு ஏறினார்கள், இறங்கினார்கள். எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. இந்த பஸ் போய்ச் சேராமல் இப்படியே பனிக்குள் போய்க்கொண்டே இருந்தால் தேவலை என்று நினைத்தேன். நடத்துனர் வந்து, "சேதராப்பட்டுதான கேட்டீங்க, எறங்குங்க" என்று இறக்கிவிட்டார்.

ஓட்டு வீடு. அவள்தான் கதவைத் திறந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்கக்கா, ஒக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்தாள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா வந்தது, கீறாமல் விட்டது, கல்லறைக்குப் போனது, பொய் சொன்னது, ரிப்போர்ட் தப்பாக இருக்கலாம் என்பது. நான் முடிக்கும் வரைக்கும் அவள் கையில் அந்தத் துணி இருந்தது.

"நான் கம்பெனில க்யூசிலதான் இருக்கேன்" என்றாள். க்யூசி என்றால் தரம் பார்க்கும் பிரிவு. "பாண்டி மேட்டுப்பாளையத்துல. மூடி செய்ற கம்பெனி. ஒரே ஒரு மூடி சரியா ஒக்காரலன்னா மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிடுவேன். மூடிக்கு."

கையிலிருந்த துணியை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"ஒரு மூடிக்கு நான் அவ்ளோ பாக்கறேன்" என்றாள் மறுபடியும்.

பிறகு பிரிட்ஜைத் திறந்தாள். கதவில் முட்டை வைக்கும் குழிகளில் நாலு முட்டைகள், ஐந்தாவது குழியில் பிளாஸ்டிக் கவருக்குள் அந்த மெழுகு பிளாக். "சூடு படக் கூடாதுன்னாங்க. அதான் இங்க வெச்சேன்" என்றாள். கவரை எடுத்து என் கையில் கொடுக்க வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"இத நீ வெட்டக் கூடாது. வேற ஆளு இருக்காங்கல்ல, அவங்கள வெட்டச் சொல்லு. நீ தொடாத."

இவ்வளவு நேரம் 'நீங்க' என்று பேசியவள். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், என் குணம் அது. வரவில்லை. "சரிம்மா, தொடல" என்றேன். கவரின் விளிம்பை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் அடித்தது. மெழுகு இளகிவிடுமோ என்று கவரை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டே வந்தேன்.

செட் தோசைக்காரரிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சதை நூல் மாதிரி மெல்லியது. தப்பாக ஒரு சீவல் போனாலும் மிச்சம் கிடைக்காது. நான் அறைக்கு வெளியே நின்று கண்ணாடி வழியே பார்த்தேன். நாடா நீண்டது. தண்ணீரில் விழுந்தது. மெல்லிசு, ஒரு சுருக்கம் இல்லை. அவருக்கு இவ்வளவு நன்றாகச் சீவ வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அத்தனை வருடமும் நான் கேலி செய்கிறேனே என்ற பயத்தில்தான் அவர் கை தடித்ததோ என்னவோ. வெட்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். குனிந்து பார்த்தேன். பழுப்பு. எங்கு நகர்த்தினாலும் பழுப்பு. நூல் முழுவதும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒவ்வொரு செல்லிலும் ஏறியிருந்தது. அந்த மாத்திரை அவளுக்குக் கேட்கும். கீமோ முடிந்து தினம் ஒன்று போட்டால் போதும்.

டாக்டர் சொன்னபடி நானே ஃபோன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தாள். சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கம்பெனி சங்கு மாதிரி ஏதோ தூரத்தில் ஊதியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டேனே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மா ரொம்ப நாளு இருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சோறு வடிக்கக் கத்துக் குடுத்தேன். பாங்கி புக்கு எங்க இருக்குது, எந்தச் சித்தி வூட்ல இருக்கணும், எல்லாம் சொல்லிட்டேன். பன்னண்டு வயசு. அழவே இல்ல அது. தலைய தலைய ஆட்டிக்கினு கேட்டுச்சு. இப்ப போயி நான் எப்புடி மாத்திச் சொல்றது? நீ வந்து சொல்லு."

அன்று சாயங்காலமே போனேன். பள்ளிக்கூட யூனிபாரத்தோடு அவள் மகள் அடுப்படியில் நின்று அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை எப்படிச் சாய்க்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். முதலில் வந்த ரிப்போர்ட் தப்பு, அம்மாவுக்கு மருந்து கேட்கும், அம்மா இருப்பார்.

தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"மொதல்ல தப்பா செஞ்சது யாரு?"

"நான்தாம்மா."

"இப்ப சொல்றதும் நீங்கதான?"

"ஆமா."

அவள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். "நெசந்தான் பாப்பா" என்றாள். அந்தப் பெண் அம்மாவின் வலது பக்கமாகப் போய், இடுப்பைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.